எண்பத்து மூன்றில் வைத்த ஜம்பர்

உன் தம்பி நேற்று பெங்களூருக்கு வந்தவன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்தால் உன் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு. தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் இன்னும் போகவில்லை. வேகத்தை மாற்றப் பிடுங்கிச் செருகும் அந்த நகக்கண் அளவு கறுப்பு ஜம்பர், நீ கடைசியாகச் செருகிய நூறிலேயே இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் உன் வீட்டு மாடியறை, நீ பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். தாமிரபரணியில் இவ்வளவு தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது என் புராஜெக்ட். கணக்கில் பிழை இருக்கிறது, திரும்ப ஓட்டு என்று கைடு சொல்லிவிட்டார். அன்று மாலை ஐந்துக்குள் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு, பெங்களூரில் கிடைத்த வேலையும் போச்சு. அப்புறம் வீட்டில் பார்த்துவைத்த மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ராத்திரியாகிவிடும். நீ ஜம்பரை நூறுக்கு மாற்றினாய். ப்ராசசருக்கும் மெமரிக்கும் நடுவில் நின்று தாளம் போடுவது சிப்செட். தாளத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து வேகமெடுக்கும். உன் போர்டின் சிப்செட் நூறைத் தாங்கும். மெமரிக்கு இருந்த இரண்டு ரேம்களில் ஒன்றுதான் பழசு, அறுபத்தாறுக்கானது. கணக்கு தொடங்கிய சில நிமிடங்களில் ஹேங் ஆகி நின்றது. மறுபடி ஓட்டினோம், மறுபடி ஹேங்.

"பதறாதட்டி. பைய போவோம்" என்றாய். நம் ஊரில் எதற்கும் அதுதான் மருந்து. பஸ்ஸுக்கு ஓடுகிறவளிடமும் பைய போ என்போம், காய்ச்சலில் எழுகிறவரிடமும் பைய எந்திரிங்க என்போம். ஜம்பரை எண்பத்து மூன்றில் வைத்தாய். ஓடியது. நிம்மதியாக முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

கால்வாசி முடிந்திருக்கும். டிஸ்க்கிலிருந்து கிர்ரென்று ஒரு சத்தம். ஃபோல்டர் பெயர்கள் ஏதோ கிறுக்கலாக மாறின. நீ விரல்விட்டு முணுமுணுத்துக் கணக்குப் போட்டாய். உடனே நிறுத்த வேண்டும் என்றாய். உன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். கையைத் தட்டிவிட்டு ஸ்விட்சை அமர்த்திவிட்டாய். பாவி என்று கத்தினேன்.

"பையப் போறோம்னு நெனச்சோம்ட்டி. டிஸ்க்கப் போட்டு வெரட்டியிருக்கோம்."

டிஸ்க்குக்குப் போகும் பாதைக்கு சிப்செட் அதே தாளத்தை வகுத்துத்தான் கொடுக்கிறது. உன் போர்டில் நூறை மூன்றால் வகுக்கும்; முப்பத்துமூன்று, டிஸ்க் தாங்கும். எண்பத்து மூன்றை இரண்டால்தான் வகுக்கும், நாற்பதைத் தாண்டிவிடும். பயந்து குறைத்ததில் டிஸ்க்குக்கு வேகம் கூடிப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மொத்தமும் அழிந்திருக்கும்.

பழைய ரேமைப் பிடுங்கினாய். ஜம்பர் திரும்ப நூறுக்குப் போனது. டிஸ்க்கைச் சரிபார்த்து, பிளாப்பியில் இருந்த என் விவரங்களை ஏற்றினாய். பாதி மெமரியே போதுமானதாக இருந்தது. அது ஓடி முடியும்வரை திரையையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது கைடு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வேலைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. நீ அங்கேயே இருந்தாய். பல வருடம் கழித்து, உன் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் போனில் சொன்னாய். கையோடு, "மக பரீட்ச முடியட்டும். பைய பாத்துக்கிடலாம்" என்றாய்.

"எந்தப் பைய? எண்பத்தி மூணா?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். பெங்களூரில் மழையா என்று கேட்டாய். பரீட்சை முடிந்தது, ஆபரேஷனுக்கு நேரம் கடந்திருந்தது. நீயும் போய்விட்டாய். என் கணக்குக்காக என் கையைத் தட்டிவிட்டவள் நீ. உன்னைத் தடுக்க என் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. அதுதான் கோபம்.

ஜம்பரைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். இன்று காலை உன் மகளைப் போனில் கூப்பிட்டேன். அம்மாவுக்கு வந்த நோய், நீயும் ஒருமுறை பரிசோதித்துக்கொள் என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். போனாயா என்று கேட்டேன்.

"பைய பாத்துக்கிடலாம் சித்தி. அங்கன மழையா?"

உன் குரலேதான். நான் மழையைப் பற்றிப் பேசவில்லை. நாளை ஊருக்கு ரயிலேறுகிறேன்.