பஞ்சு வலை எங்கே இருக்கிறது

போன சனிக்கிழமை துணி உலர்த்தும் டிரையர் ஒன்று வாங்கக் கொச்சியில் கலூர் பக்கம் போயிருந்தேன். உன் மகளும் கூட வந்தாள். கடைக்காரர் மூன்று இயந்திரங்களை வரிசையாகத் திறந்து காட்டினார். "இதுல பஞ்சு பில்டர் மேல, சேச்சி. இதுல கதவு வாயில. இதுல டிரம்முக்குப் பின்னால. எது வேணும்?" என்றார். நடு இயந்திரத்தில் யாருக்கோ ஓட்டிக் காட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. கதவு வாயிலிருந்து அவர் வலையை உருவியதும் சாம்பல் நிறப் பஞ்சு ஒரு தகடாக ஒட்டிக்கொண்டு வந்தது. இளஞ்சூடான பஞ்சின் வாசனை. நான் ஒரு எட்டு பின்னால் போய்விட்டேன். உன் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க அத்தே" என்றாள். அவளுக்குத் தெரிந்த கதைப்படி நான் பயப்பட வேண்டியவள்தான்.

உனக்குத் தெரிந்த கதையை இங்கே எழுதுகிறேன். நீ இறந்து மூன்று மாதம் ஆகிறது. இனி இதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

மட்டாஞ்சேரி வீட்டின் பின் அறையில் அப்போது நம்மிடம் இரண்டு டிரையர்கள் இருந்தன. போர்ட் கொச்சியில் பயணிகள் தங்கும் ஹோம்ஸ்டேக்களின் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுத்தோம். மழைக்காலத்தில் கொடியில் போட்டால் மூன்று நாளுக்கும் காயாத ஊர் இது. வீடு என் பெயரில். தொழிலும் என் பெயரில். என் தம்பி, உன் புருஷன், கல்ஃப் நாட்டில் இருந்தான். நீ தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, என் வீட்டில், என் தம்பி மனைவியாக, சம்பளமில்லாத வேலைக்காரியாக இருந்தாய். அன்று நான் அதை இந்தச் சொல்லால் சொல்லியிருக்க மாட்டேன்.

பழைய இயந்திரத்தில் வலை மேல்மூடியில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்தால் ஒரு முழ நீளத்துக்குச் சல்லடை வரும். இழுக்கும்போது பஞ்சு உதிர்ந்து, மடித்து வைத்த வெள்ளை விரிப்பில் விழும். எனக்கு அது பிடிக்கவில்லை. புதியது நான் தேர்ந்தெடுத்தது. அதில் வலை கதவின் கீழ்வாயில், புத்தகம் போல விரியும். துணியை எடுக்கக் குனிந்த இடத்திலேயே கைக்கு எட்டும். நான் எல்லோரிடமும் அதைப் புகழ்ந்தேன்.

நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் முழங்காலிட்டு அந்தப் பொந்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பஞ்சை நெம்பி எடுத்துக் காட்டினாய்.

"இங்க பாருங்கக்கா. உருவும்போதே பாதி உள்ள விழுந்துருது. ஈரத்துணிய இழுக்கும்போதும் இதுலதான் உரசுது. மேல இருக்கதுதான் நல்லது. வலை இல்லன்னா பொந்து தெரியும், யாரும் ஏமாத்த முடியாது. இதுல கதவ மூடிட்டா உள்ள வலை இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

துணி வாங்க வந்திருந்த ஒரு ஹோம்ஸ்டே சேச்சி அங்கே நின்றிருந்தாள். நீ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. "ஓ, வல்ய இஞ்சினியர்! ஒன்பதாங் கிளாசு தோத்த பெரிய இஞ்சினியர்" என்றேன். சேச்சி சிரித்தாள். நீயும் சிரித்தாய். அதன் பிறகு வாரக்கணக்கில் உன்னை நான் இஞ்சினியர் என்றே கூப்பிட்டேன். உன் மகள் முன்னாலும்.

அந்த ஆடி மழையில் ஒரு காலை, அவசரத்தில் நான் வலையைக் கோணலாக இழுத்தேன். சட்டம் இரண்டாக உடைந்தது. நீ பார்த்தாய். நான் துண்டுகளை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டுக் கதவை மூடி, இயந்திரத்தை ஓட விட்டேன்.

"வேண்டாங்கா. புது வலை வர்ற வரைக்கும் பழையதுல மட்டும் போடுவோம்" என்றாய்.

"வலை இல்லாட்டா காத்து நல்லா ஓடும். சீக்கிரம் காயும்" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. நீ சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்பது நாள் அப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் நீ ஒரு தடவை சொன்னாய். ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ கத்தினாய். ஓடி வந்தேன். இயந்திரத்தின் அடியிலிருந்து புகை வந்தது. அப்புறம் தீ. நீ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, கதவைத் திறந்து, எரிகிற விரிப்புகளை வலது கையால் இழுத்து வெளியே போட்டாய். அவை நைலான் கலந்தவை. உருகி உன் விரல்களில் ஒட்டிக்கொண்டன. நான் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டார் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வரவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன்.

பழுது பார்க்கும் சேட்டன் மறுநாள் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே கைப்பிடி கைப்பிடியாகக் கருகிய பஞ்சு. "பில்டர் இல்லாதே ஓட்டியதாணல்லோ. ஆரா செய்தது?" என்று கேட்டார். முற்றத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் உள்ளே போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து உடைந்த துண்டுகளை எடுத்து வந்தேன். "தம்பி பொண்டாட்டி உடைச்சு ஒளிச்சு வச்சிருக்கா. எனக்கு இப்பதான் தெரியும்" என்றேன். சொல்வதற்கு ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அது இன்றும் என்னை ஆச்சரியப்படுத்துகிறது.

நீ கட்டுப்போட்ட கையோடு தம்பியிடம் போனில் "நான் இல்லங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். ஸ்பீக்கரில் அவன் குரல் எனக்கும் கேட்டது. "அக்கா எதுக்குடி பொய் சொல்லணும்? அது எனக்கு அம்மா மாதிரி."

அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில் என் எதிரே வந்து நின்றாய்.

"அக்கா, வேற யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். எங்கிட்ட மட்டும் ஒரு தடவ சொல்லுங்க. போதும்."

"எத?" என்றேன்.

நீ போய் உன் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாய், இடது கையால். நான் கப்பைக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தேன். அன்று நன்றாகப் பசித்தது, சாப்பிட்டேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

சுள்ளிக்கலில் ஓர் அறை எடுத்து மகளோடு போனாய். ஹோம்ஸ்டேக்களில் வேலை கேட்டுப் போனாய் என்று கேள்விப்பட்டேன். அன்று சிரித்த அந்தச் சேச்சியே எனக்குப் போன் செய்து "ஆள் எப்படி?" என்று கேட்டாள். "வேலை நல்லா அறியும். பாவம்தான். ஆனா தீ விஷயத்துல நம்ப முடியாது" என்றேன். பாவம் என்ற சொல்லைச் சேர்த்ததால் அவள் முழுசாக நம்பினாள். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேரிடமும் அதையேதான் சொன்னேன். கடைசியில் நீ மீன் ஏலம் நடக்கிற இடத்தில் தரை கழுவப் போனாய். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது கையால் வாளி தூக்குவாய் என்று உன் மகள் பிறகு சொன்னாள். ஆறு வருஷம் அப்படி. இந்த மழையில் தேங்கிய தண்ணீரில் நின்றாய், எலிக்காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கண் திறக்கவில்லை. திறந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

உன்னை எடுத்துப் போன அன்று உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வயது. உன் நெற்றி, உன் காது. "அம்மா கடைசி வர ஒத்துக்கவே இல்ல, அத்தே. எனக்கு அதுதான் சங்கடம். அம்மாவுக்காக நான் மாப்பு கேக்குறேன்" என்றாள். கூடம் நிறைய ஆட்கள். கல்ஃபிலிருந்து வந்திருந்த என் தம்பி அழுதபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவள் தலையில் கை வைத்து, "சரி, விடு மோளே" என்றேன்.

இப்போது அவள் என்னோடு இருக்கிறாள். டிரையரையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள், மேலே வலை உள்ளதை. "அம்மா மாதிரி ஒளிச்சு வைக்க இதுல முடியாது" என்று கடைக்காரரிடமே சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. மலையாளப் பள்ளியில் படித்த அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மேசை மேல் விட்டுவிட்டுப் போனாலும் பயமில்லை. சற்று முன் சாயா கொண்டுவந்து வைத்தவள், "எந்தா அத்தே இவ்வளவு எழுதுறீங்க?" என்றாள். "உன் அம்மாவுக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து என் மடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "எனக்கு வாயிச்சுத் தாங்க."

வாசித்தேன். இந்தத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, வரி வரியாகக் கண்ணை நகர்த்தி, இதில் இல்லாத ஒரு கடிதத்தை வாசித்தேன். நீ மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது என்று வாசித்தேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று வாசித்தேன். நீ செய்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன், நிம்மதியாக இரு என்று வாசித்தேன். என் குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. அவள் என் புடவையில் முகத்தைப் புதைத்து அழுதாள். "நீங்க வல்ய மனசுக்காரி அத்தே" என்றாள். பிறகு எழுந்து, இந்தத் தாள்களை உன் படத்துக்குப் பின்னால் வைக்கத் தரும்படி கேட்டாள்.

எழுதி முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறேன். காத்திருக்கிறாள்.