தலைவலி, டீச்சர்

இன்று காலை பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைதானத்து ஓரம் நின்று, தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டே "தலைவலி, டீச்சர்" என்றாள். சிவகாசியில் நான் விளையாட்டு டீச்சராகி நாலு வருஷம். இந்தச் சொல்லைக் கேட்காத வாரமே இல்லை. ஆனால் கல்லூரியில் எங்கள் விளையாட்டு டீச்சராக இருந்த நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்று நேற்றுதான் கடிதம் வந்தது. இன்று அதைக் கேட்டதும் உங்களிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

விருதுநகரில் நம் கல்லூரி மைதானத்தில் காற்று திரும்பினால் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் நெடி வரும். எறிபந்து ஆடும் அத்தனை பேரும் தும்முவோம், முதலில் நீங்கள்தான். எங்களைவிட உங்களுக்கு ஐந்து வயதுதான் கூட. வீட்டுக்குத் தூரம் என்று சொல்லக் கூசி நாங்கள் தலைவலி என்போம். "தலைவலின்னா உக்காரு புள்ள" என்று பாயிண்ட் நோட்டைக் கையில் கொடுத்து நிழலுக்கு அனுப்புவீர்கள். வேறெதுவும் கேட்டதில்லை.

அணித் தலைவியான எனக்கு அது பிடிக்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தோம். மதுரைப் பெண்களுக்கு சார் சொல்லிக்கொடுக்கிறார், அதனால்தான் ஜெயிக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டினேன். "டீச்சருக்குக் கண்டிப்பு போதாது. தலைவலி என்றாலே உட்கார வைக்கிறார். எங்களுக்கு சார் வேண்டும்" என்று முத்துமுத்தாக மனு எழுதி, எல்லாரிடமும் ஒப்பம் வாங்கி, முதல்வரிடம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் உங்களை நூலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வந்த சார் நல்ல மனிதர். பந்தை ஒழுங்காகப் பிடிக்க அவரிடம்தான் கற்றோம், ஜெயிக்கவும் செய்தோம். ஆனால் தலைவலி என்றால், "ரெண்டு ரவுண்டு ஓடும்மா, பறந்துரும்" என்பார். அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது?

சாத்தூர்க்காரிகளோடு ஆடிய அன்று எனக்கே தலைவலி. வெள்ளைப் பாவாடையில் கறை தெரிந்துவிட்டது. நகர முடியாமல் நடு மைதானத்தில் நின்றேன். வேடிக்கை பார்த்தவர்கள் நடுவிலிருந்து நீங்கள்தான் ஓடி வந்து, உங்கள் பையிலிருந்த பழுப்புத் தாவணியை என் இடுப்பில் சுற்றினீர்கள். சார் பதறிப்போய் "என்னம்மா?" என்றார்.

"தலைவலி சார். அவ உக்காரட்டும்" என்றீர்கள். பிறகு பாயிண்ட் நோட்டை என் மடியில் வைத்து, என் காதுக்கு மட்டும், "எழுது புள்ள. ஒன் கையெழுத்து எம்புட்டு அழகுன்னு எனக்குத் தெரியும்ல" என்றீர்கள்.

அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று இத்தனை வருஷம் யோசித்து அலுத்துவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டீர்கள். ஸ்டேஷனுக்கு நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். "கண்ணு ஏன் செவந்து கெடக்கு?" என்று கேட்டீர்கள். வாயில் வந்தது பழைய சொல்தான்.

"தலைவலி, டீச்சர்."

"அப்ப உக்காரு" என்று பெட்டியை நகர்த்தி இடம் விட்டீர்கள். வண்டி வரும்வரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் பள்ளிப் பிள்ளைகளும் இப்போது சார் வேண்டும் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பழுப்புத் தாவணி என் பையில்தான் இருக்கிறது. எத்தனையோ பெண்களுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கித் துவைத்து வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் அதைத் திருப்பித் தரவில்லை, டீச்சர். முதல்வருக்குப் போன அந்த மனுவை எழுதியது நான்தான் என்று சொல்லவும் இல்லை.