மந்திரி எண்ணிய தலைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலுப்பிள்ளை வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விடாமல் இருக்க அரசாங்கம் வரியைத் தள்ளுபடி செய்திருக்கிறது. முந்நூறு பேருக்கு வேலை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நேற்று மந்திரியே எண்ணிப் பார்க்க வந்தார். இருந்ததோ நூற்றைம்பது பேர். முன்கூடத்தில் அவரிடம் தலையைக் காட்டிவிட்டு, தொப்பியை மாற்றிக்கொண்டு, பக்கவாசல் வழியாகப் பின்கூடத்துக்கு ஓடினோம்.

"தம்பி, உன்ன இப்பதானே பார்த்தேன்?"

"அது எங்க அண்ணன் சார். அவன் கொஞ்சம் அழகு கம்மி."

மந்திரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். உனக்கு ஒரு பிள்ளை கூடுதலாகப் பிறந்திருக்கிறது, வாழ்த்துகள்!

இன்று காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. பயப்படாதே, சும்மாதான். என் படிப்புச் சான்றிதழை மட்டும் நகலெடுத்து அனுப்பு. மாமாவின் பட்டறைக்கு ஆள் வேண்டுமா என்று ஜாடையாகக் கேட்டு வை. நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே. நீயும் ரெண்டு வரி எழுதும்மா, திட்டியாவது எழுது.

சூப்பர்வைசர் கத்துகிறார். நான் ஓட்டும் இயந்திரத்தைக் கப்பலுக்கு அனுப்பப் பெட்டிக்குள் இறக்கியாயிற்றாம். மூடி போட்டு ஆணி அடிக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்.

அவசரத்தில்,
உன் மகன்