பவுண் உருக முதலே லொறி வெளிக்கிட்டது

என் அன்புக்கும், அதைவிடக் கூடுதலான என் ஆத்திரத்துக்கும் உரிய மச்சான் குலசேகரத்துக்கு,

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் நினைவு மலருக்கு எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிர்ந்து பேசாதவன், ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவன் என்று ஒரே புகழ். என்னிடமும் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் கொடிகாமம் சந்தையில் என்னைப்போல் வசனம் அமைத்துக் கதைக்க ஆளில்லை என்பது உனக்கே தெரியும். ஆகவே எழுதுகிறேன். புகழ்ந்து அல்ல.

என் தங்கையைக் கட்டினாய். என் வீட்டுப் புட்டைச் சாப்பிட்டாய். பிறகு தபால் கந்தோரில் முத்திரை குத்தியது போக மிச்ச நேரத்தில் என்னை வைத்தே ஒரு நாவல் எழுதினாய். 'பலாப்பால் மாப்பிள்ளை'. கலியாணம் என்ற சொல்லைக் கேட்டாலே கால் நடுங்கும் ஒருவன், பொன்னுருக்கல் அன்று பலாப்பழ லொறிக்குள் ஒளித்து ஓடுகிற பகிடிக் கதை. சிதம்பரமாகிய என்னை ஏகாம்பரம் ஆக்கிவிட்டால் சனத்துக்கு விளங்காதா? கொடிகாமத்தில் சொந்த லொறியில் பலாப்பழம் ஏற்றுகிற, கலியாணம் கட்டாத ஆம்பிளை வேறு யார்?

என் லொறியின் ஹோண் சத்தம் கேட்டால் ஆனையிறவு உப்பளத்துக் கொக்குகள் எழும்பி நின்று வழிவிட்ட காலம் உண்டு. அப்படிப்பட்ட என்னிடம் சந்தைப் பெடியள் கேட்கிறார்கள்: "அண்ணை, இண்டைக்குப் பழம் ஏத்துறியளோ, இல்லாட்டி நீங்களே பழத்துக்கை ஏறுறியளோ?"

உண்மையை இப்போது எல்லோரும் கேட்கட்டும். பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். தாலிக்கான பவுணைப் பத்தர் சபை முன்னால் நெருப்பிலிட்டு உருக்குவார். உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதன்பிறகு மாப்பிள்ளை வாசல் படலை தாண்டக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? என் பொன்னுருக்கல் நாளன்று புத்தூரிலிருந்து பெண் வீட்டார் வந்து பந்தலில் இருந்தார்கள். பத்தர் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு அவசரச் செய்தி வந்தது. பலாப்பழம் இல்லாமல் வவுனியாவில் ஒரு கலியாண வீடே தடைப்பட்டு நிற்கிறதாம். இன்னொருவர் கலியாணத்துக்காகத் தன் கலியாணத்தைத் தள்ளிவைக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

பவுண் உருக முதலே என் லொறி வெளிக்கிட்டது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைத்து இதைச் சத்தியம் செய்திருக்கிறேன். நீயோ, பவுண் உருகி உருண்டையாக ஆறிய பிறகுதான் ஏகாம்பரம் எழும்பி ஓடினான் என்று எழுதினாய். உருகிய பிறகு போனவன் ஓடினவன். உருக முதல் போனவன் பயணம் போனவன். இந்த வித்தியாசம் படித்த உனக்கு விளங்கவில்லையா? போதாததற்கு, பலாப்பால் தலைமயிரில் ஒட்டி, முறிகண்டியில் மொட்டை அடித்தானாம். முழுப் பொய். ஒட்டியது சட்டையில்.

இதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது கடைசி அதிகாரம். ஏகாம்பரம் மனம் திருந்தி மாட்டுவண்டியில் புத்தூருக்கு வருகிறான். அந்தப் பெண் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்து நிற்கிறாள். மேளம், தாலி, சுபம். யாரைக் கேட்டு எனக்குக் கலியாணம் செய்து வைத்தாய்? வாசித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "அண்ணி சுகமாய் இருக்கிறாவோ?" என்று என்னை விசாரித்தார்கள். எந்த அண்ணி, மச்சான்?

இனி உன் புத்தகம் செய்த வேலையைக் கேள். உன் மகள் வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வங்கியில் வேலை செய்கிற நல்ல பெடியன். வதனிக்குப் பிடித்துப்போயிற்று, உலை கொதித்துச் சோறு பொங்கி வழிந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சாதகமும் பொருத்தம். புத்தூர் என்று தரகர் சொன்னபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. புத்தூர் பெரிய ஊர். தாய் இல்லாத பெடியன், வளர்த்தது பெரியம்மா, கட்டாமலே இருந்துவிட்ட மனுசி என்றார். பெயரைக் கேட்டேன். புவனேஸ்வரி.

ஓம். நீ படலையில் நிறுத்தி வைத்த அதே புவனேஸ்வரி.

மறுநாளே தரகர் முகம் கறுத்து வந்தார். "அந்தக் குடும்பத்துக்குப் பொன்னுருக்கலிலை எழும்பி ஓடுற வியாதி இருக்காம். புத்தகமாயே அடிச்சு விட்டிருக்கினம். நாளைக்குப் பொம்பிளையும் ஓடினால் ஆர் பொறுப்பெண்டு அவ கேக்கிறா."

தங்கை அழுதாள். வதனி அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மாமா, நீங்கள் போய்க் கதையுங்கோ. நீங்கள் ஓடினதாலைதானே உவ்வளவும்."

"ஆர் ஓடினது?"

"சரி, பயணம் போனதாலை. எனக்கு அவரைத்தான் வேணும் மாமா." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

போனேன். எனக்கென்ன பயம்? புவனேஸ்வரி புகையிலைத் தோட்டத்தில் நாலு ஆட்களை வைத்து வேலை வாங்கிக்கொண்டு நின்றார். இரும் என்றும் சொல்லவில்லை, தேத்தண்ணீரும் இல்லை.

"ஆர், ஏகாம்பரமோ?"

"சிதம்பரம்."

"ரெண்டும் ஒண்டுதான். பிள்ளை நல்ல பிள்ளையெண்டு கேள்வி. தேப்பன் எழுதினதுக்கு அவளிலை நான் பிழை பிடிக்கேல்லை. ஆனால் இஞ்சை பொன்னுருக்கேக்கை நீர் வாரும். பத்தருக்குப் பக்கத்திலை இரும். உருகி முடியுமட்டும் அசையப்படாது. எழும்பினீரோ, சம்பந்தம் அதோடை சரி."

போன வெள்ளிக்கிழமை பொன்னுருக்கல். பத்தர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி இருந்தேன். லொறிச் சாவி தங்கையின் முந்தானை முடிச்சில். பாதுகாப்புக்காக நானாகவே கொடுத்தது. வேர்த்தது உண்மைதான். நெருப்பு வெக்கை, வேறொன்றுமில்லை. பாதியில் பருத்தித்துறை வீதியால் ஒரு லொறி ஹோண் அடித்துக்கொண்டு போயிற்று. பந்தல் முழுக்கத் திரும்பி என்னைத்தான் பார்த்தது. தங்கை முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். நான் எழும்பினேனா? காலை ஒருமுறை நீட்டி மடக்கினேன். அது விறைப்பு.

பவுண் முதலில் சிவந்தது. பிறகு ஓரம் இளகி, உள்ளே குழைந்து, ஒரு துளியாய்த் திரண்டு நடுங்கி நின்றது. மச்சான், இவ்வளவு வயதுக்கு அதை நான் அன்றுதான் பார்த்தேன். பார், இதுவே சாட்சி, என் பொன்னுருக்கலில் உருக முதலே நான் போய்விட்டேன் என்று சபையில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புவனேஸ்வரி தட்டோடு வந்து நின்றார்.

"பாத்தீரோ?"

"பாத்தன்."

"அண்டைக்கும் இப்பிடித்தான் உருகினது. நீர் கண்ணை இறுக்கிப் பூட்டிக்கொண்டு இருந்தனீராம். ஐயா வந்து சொன்னவர்."

செத்துப்போன அவரின் தகப்பனோடு நான் வாதாடுவதில்லை. பேச்சை மாற்றவேண்டி, "மச்சான்ரை புத்தகத்தை மனசிலை வைச்சிருக்காதையும்" என்றேன்.

"எனக்கு அதிலை ஒரு இடத்திலைதான் கோவம். நான் படலையைத் திறந்துகொண்டு நிண்டனாம். அண்டைக்குப் பின்னேரமே சாத்திப்போட்டுப் புகையிலைக்குத் தண்ணி மாறப் போனனான். நீர் வந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டன்." சொல்லிவிட்டு, உருகிய பொன்னை மற்றவர்களுக்குக் காட்டப் போய்விட்டார். குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

நீ ஏன் அந்த மனுசியிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதவில்லை? மொட்டை பொய், மாட்டுவண்டி பொய், என் கால் நடுங்கியது பொய். எல்லாவற்றையும் சந்தையில் நின்று கத்தி மறுத்தேன். அந்தப் படலையை மட்டும் நான் மறுக்கவேயில்லை. புத்தூரால் லொறி போகும்போதெல்லாம், அது எனக்காகத் திறந்துதான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். உன் நாவலில் நான் நம்பிய பொய் அது ஒன்றுதான். இதற்கு உன்னை எப்படி மன்னிக்க?

வதனிக்கு வருகிற மாதம் கலியாணம். நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். சாவி தங்கையிடமே இருக்கட்டும். உன் புத்தகத்தை மறுபடி அடிக்கப் போகிறார்களாம். அச்சகத்துக்கு நானே போய், அந்தப் படலையைச் சாத்தச் சொல்வேன். உன் பிள்ளை கழுத்தில் தாலி ஏறி முடியுமட்டும் நான் கண்ணைப் பூட்ட மாட்டேன். இது முறிகண்டிச் சத்தியமல்ல, மச்சான். இது வேறு.

உன் மகளுக்குத் தாய்மாமனும்,
உனக்குக் கோபம் தீராத மைத்துனனுமான
சிதம்பரம் (ஏகாம்பரம் அல்ல),
கொடிகாமம்.