ஜோலார்பேட்டை இல்லாத மதராஸ் வழி

என் அருமை அப்பா,

மீசையை முறுக்கிக்கொண்டு கேளுங்கள். பெங்களூரிலிருந்து மதராஸுக்கு ஆகாய மார்க்கமாக எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று விமான நிலையத்துச் சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. அதைப் போட்டது உங்கள் மகள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகியும், இதை முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

மதராஸ் மெயில் ரயிலுக்குக் கார்டாக இருந்த நீங்கள் ஜோகுபாளையம் வீட்டிலும் கார்டாகவே இருந்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், "ஸ்டெல்லா, நாலு நிமிஷம் லேட்" என்பீர்கள். அம்மாவின் சாம்பாரும் தப்பவில்லை.

நான் விமானக் கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தவள். புது சர்வீஸுக்கு நேரப் பட்டியல் போட ஆள் இல்லை என்றதும், நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலைமைக் குமாஸ்தா சிரித்தார்.

"சும்னே டைப் பண்ணிக்கினு இரும்மா. தப்பு வந்துச்சுன்னா அப்புறம் மிஷினை விட்டு எழுந்திருக்கவே விடமாட்டேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் மகள்?

தப்பும் வந்தது. விமானத்தின் வேகத்தைக் கேட்டுக்கொண்டேன். தூரத்தை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. மதராஸ் எத்தனை மைல் என்று எனக்கா தெரியாது? நீங்கள் ஓயாமல் சொன்ன மைலையே போட்டு, வகுத்து, பெருமையாக நீட்டினேன்.

விமானி பார்த்தார். "இருநூத்தி இருபது மைலா? ஏம்மா, நான் ஜோலார்பேட்டைல எறங்கி காபி குடிச்சிட்டுப் போணுமா?"

ரயில் வளைந்து போகும், விமானம் நேரே போகும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. அவமானமாக இருந்தது, அப்பா. உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

தலைமைக் குமாஸ்தா டைப் மிஷினைக் கையால் காட்டினார். நான் நகரவில்லை. தேசப்படத்தை விரித்து, அடிக்கோலை வைத்து ஒரே கோடாக இழுத்தேன். நாற்பது மைல் குறைந்தது. போவதற்கு ஒன்றேகால் மணி என்று எழுதினேன். வருவதற்கும் அதையே எழுதப் போனபோது கை நின்றது. மதராஸுக்குப் போவது சுலபம், திரும்பும்போதுதான் மேட்டில் இஞ்சினுக்கு மூச்சு வாங்கும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன் எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள்!

"சார், வரும்போது லேட் ஆகுமா?"

விமானி சிரிப்பை நிறுத்தினார். "ஆகும். இந்த மாசத்துல எதிர்க்காத்து. பத்து நிமிஷம் சேத்துப் போடு. இது உனக்கு யாரு சொன்னது?"

"எங்கப்பா. மெயில் கார்டு."

"அவரு பிளேன்ல போயிருக்காரா?"

"கிட்டப் போய்க்கூடப் பாத்ததில்ல, சார்."

அந்தப் பட்டியல்தான் சுவரில் இருக்கிறது. போகும் நேரம் ஒன்று, வரும் நேரம் ஒன்று, கீழே என் கையெழுத்து. இப்போது மற்ற ஊர்களின் பட்டியலையும் தலைமைக் குமாஸ்தா என் மேஜையில்தான் கொண்டுவந்து வைக்கிறார். வைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. பாவம், போகட்டும்.

மேலே இருந்து பார்த்தால் உங்கள் தண்டவாளம் வளைகிற இடம் தெரியுமா, அப்பா? அடுத்த மாதம் பார்த்துவிடுவேன். கம்பெனி பாஸில் அம்மாவை அழைத்துக்கொண்டு மதராஸ் போகிறேன். உங்கள் பாக்கெட் கடிகாரம் என் மடியில் இருக்கும். சக்கரம் தரையை விட்ட நிமிஷத்தையும் மறுபடி தொட்ட நிமிஷத்தையும் குறித்துக்கொள்வேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும், நான் போட்ட பட்டியல் என்று பார்க்காமல், லேட் என்றே எழுதுவேன்.

கார்டு வீட்டு மூத்த மகள்,
ஸ்டெல்லா