எங்கள் சந்தில் செங்கல் இறங்கியது

என் பிரியமுள்ள சரசு அக்கா,

நேற்று நம் சந்து வீடுகளுக்கு மனைப் பட்டயம் வந்துவிட்டது. இனி அந்த வீடுகளை யாரும் இடிக்க முடியாது. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒழுங்காகச் சொல்ல வருமா என்றுதான் தெரியவில்லை.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் சாலை பஜாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நீ. நம் சந்தில் குடியிருந்த சுமைதூக்குகிற தமிழர்களின் பெண்டாட்டிகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போனாய். அவர்களுக்காக ரேஷன் கடையில் மலையாளத்தில் சண்டை போட்டாய். ரோட்டை அகலப்படுத்த நம் சந்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்றதும், அதைத் தடுக்கக் கவுன்சிலர் தேர்தலில் நின்றாய். தமிழர் ஓட்டு மட்டும் போதாது என்று அப்போதே உன்னிடம் சொன்னேன்.

பிரசாரத்தின் கடைசி நாள் நினைவிருக்கிறதா? மலையாளிகள் தெருவில் எந்த வீட்டில் தொடங்கி எங்கே முடிப்பது என்று நான் வரிசை போட்டு வைத்திருந்தேன். முதல் வீட்டிலேயே பெரியவர் இறந்துகிடந்தார். நோட்டீஸ்களை என் கையில் திணித்துவிட்டு நேரே அடுக்களைக்குப் போய்விட்டாய்.

"அக்கா, பாக்கி வீடெல்லாம் கெடக்கு" என்றேன்.

"துஷ்டி வீட்டு வாசல்ல நின்னு ஓட்டுப் பேச்சா? போலே, போய்த் தண்ணி கோரு."

சாயங்காலம் வரை வந்தவர்களுக்கெல்லாம் பாலில்லாத கட்டன்சாயா போட்டாய். கிளம்பும்போது, நம் ஊர் வழக்கப்படி, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தோற்றோம் என்றே நினைத்தேன்.

ஜெயித்தாய். அந்த வீட்டு மகன் பிஜு மாலையோடு வந்து சொன்னான்: "அன்னைக்கு வந்த மத்த கேண்டிடேட்டெல்லாம் அச்சன்கிட்டகூட வோட்டு கேட்டாங்க, சேச்சி. நீங்க மட்டும் சாயா தந்தீங்க." சிரிப்பை அடக்க நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

இடிப்பதை உடனே நிறுத்தினாய். பட்டயத்துக்குத்தான் இத்தனை வருடம் ஆயிற்று. அதைப் பார்க்க நீ இருந்திருக்கக் கூடாதா?

இடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இதுவரை தகரமும் பலகையுமாகவே இருந்த வீடுகள். இன்று காலை செங்கல் லாரி வந்தது, சந்துக்குள் நுழையவில்லை. முனையிலிருந்து கடைசி வீடுவரை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். பிஜுவும் வந்திருந்தான். "மாமா, கண்ணாடியக் கழத்தி வச்சிட்டு நில்லுங்க, கேட்டோ" என்று கடைசி வீட்டு இசக்கியம்மாள் என்னையும் இழுத்து நிறுத்தினாள். ஒரு கல்லைக்கூட நான் கீழே போடவில்லை, அக்கா.

சாக்கடைக்கு மூடி மட்டும் இன்னும் போட்டுத் தரவில்லை. திங்கட்கிழமை கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நானே போகிறேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். கேட்காமல் திரும்ப மாட்டேன்.

உன் கைக்குள் வளர்ந்த தம்பி,
சிதம்பரம்