உன் முகவரியை எடுத்துவிட்டேன், அக்கா

என் வேணி அக்காவுக்கு,

நீ பார்க்காமலே போன உன் தங்கை மகன் தூங்குகிறான். மூச்சு சீராக வருகிறதா என்று மூன்றாம் முறையாக மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சிரிக்காதே.

ரத்தப் பரிசோதனை லேபுக்கு நாம் எழுதிக் கொடுத்த புரோகிராம் நினைவிருக்கிறதா? சிதம்பரம் கிளையின் ரிசல்ட் இங்கே கடலூர் லேபுக்கு வரும். சரிபார்க்க ஒரு பிரதி உன் வீட்டு கம்ப்யூட்டருக்கும் போகும். உன் கம்ப்யூட்டரின் முகவரியைப் புரோகிராமில் ஒரு வரியாக எழுதி இணைத்த அன்று போனில் நான் பதறினேன்.

"அக்கா, உன் மிஷின் ஆஃப்ல இருக்குன்ற. இங்க எரரே வரலையே?"

"வராதுடி. தகவல் அனுப்ப நாம சேத்த இந்த ரெடிமேட் லைப்ரரி கோடு, ஆள் இருக்காங்களான்னு பாக்காது, வருவாங்கன்னு நம்பிக்கும். எனக்கு உள்ளத எடுத்து வச்சிருந்து, நான் வந்ததும் குடுக்கும். உன் வூட்டுக்காரர் மாதிரி லேட்டா வந்தா மூஞ்சத் தூக்காது."

நீ கண்ணை மூடிய பிறகும் அந்த ஒரு வரியை நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் புரோகிராம் உன்னைத் தேடும். எரர் வராது. நீ இன்னும் மிஷினைப் போடவில்லை, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

நேற்று சிதம்பரம் கிளையிலிருந்து சல்மா அக்கா போன் செய்தார். "ஏம்மா, மத்தியானம் ஆனா உன் புரோகிராம் நின்னுபோவுது. ஜொரத்துல புள்ளைங்கள வச்சிக்கினு ஜனங்க உக்காந்திருக்காங்க."

காய்ச்சல் காலத்தில் ரிசல்ட் கூடியதில், உனக்காக எடுத்து வைத்தது சேர்ந்து சேர்ந்து மத்தியானத்துக்குள் மெமரி நிரம்பியிருக்கிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்று நாம் அளவே வைக்கவில்லை, அக்கா. இப்போது அளவு வைத்துவிட்டு உன் வரியை அப்படியே இருக்க விடலாமா? விரல் அங்கேயே நின்றது. அளவு நிறைந்தாலும் மறுபடி நின்றுபோகலாம். பிறகு, இவனுக்குக் காய்ச்சல் வந்து நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

"இப்ப நல்லா ஓடுதும்மா" என்றார் சல்மா அக்கா. எனக்குத்தான் ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது.

அவனுக்குப் பல் முளைத்ததை, தவழ்ந்ததை எல்லாம் உனக்கென்றே சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மா கேட்டால் "நல்லாயிருக்கான்மா" என்று போனை வைத்துவிடுகிறேன். உன் பேச்சை எடுத்தால் இருவரும் அழுதுவிடுவோமே என்ற பயம். சிதம்பரம் வீட்டில் உன் அறைக்கு அடுத்த அறையில் அம்மா தனியாக இருக்கிறாள், இல்லையா?

இந்த ஞாயிற்றுக்கிழமை இவனைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுகிறேன். உனக்கு வைத்திருப்பதை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொல்வேன். அழுதாலும் சொல்லி முடிப்பேன்.

உன் கையைப் பிடித்தே நடந்து பழகிய தங்கச்சி,
சுதா